வளைகாப்புக்கு முன்னால் ஒரு காப்பு!

"நீங்களாவது சொல்லுங்க டாக்டர், அந்த ஊசி வேண்டாம்தானே?"

சித்த வைத்தியம் பார்க்கிற யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. முழுகாமல் இருக்கும் மருமகளை அழைத்துக்கொண்டு மாமியார் வருவார். மசக்கை வாந்திக்கு மாதுளை மணப்பாகு, உடம்பில் ரத்தம் ஊற நெல்லிக்காய் லேகியம் என்று வாங்கிக்கொள்வார்கள். எழுந்திருக்கிற நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு இந்தக் கேள்வி வரும். ஆஸ்பத்திரியில் ஊசி போடச் சொல்லியிருக்கிறார்கள். "வயித்துல பிள்ளை இருக்கறப்போ ஊசி எதுக்குங்க? அதுக்குப் பதிலா உங்க மருந்துல ஏதாவது குடுத்திருங்களேன்."

சித்த வைத்தியர் என்றாலே ஊசிக்கு எதிர்க்கட்சி என்ற எண்ணம் எப்படியோ மக்கள் மனதில் பதிந்துவிட்டது. 'ஆமாம்மா, வேண்டாம்' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமியார், மருமகள் இருவருக்குமே நிம்மதி. அந்த வார்த்தையை நான் சொல்வதில்லை. ஐந்தரை ஆண்டுகள் சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன், முப்பது ஆண்டுகளாக வேரையும் இலையையும் நம்பிப் பிழைக்கிறவன் ஏன் இப்படிச் சொல்கிறான் என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிக்கு வருகிற பயம் மூடப் பயம் இல்லை. 'வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கண்டதை உள்ளே விடாதே' என்று நம் பாட்டிமார்கள் சொன்னது அனுபவப் பேச்சு. எங்கள் வைத்தியத்திலும் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாத மருந்துகளின் பட்டியல், கொடுக்கக் கூடிய மருந்துகளின் பட்டியலைவிடப் பெரிது. ரசம், பாஷாணம் சேர்ந்த எதையும் நான் கர்ப்பிணிக்குத் தருவதில்லை. ஆங்கில வைத்தியமும் அடி வாங்கித்தான் இந்தப் பாடத்தைக் கற்றது. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. மசக்கைக்கு நல்லது என்று கர்ப்பிணிகளும் சாப்பிட்டார்கள். கையும் காலும் வளராத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பிறந்த பிறகுதான், 1961-ல் அதை நிறுத்தினார்கள். ஆகவே 'இது என் பிள்ளையை என்ன செய்யும்?' என்று ஒரு தாய் கேட்டால் அவளைக் கோபித்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.

கேட்கட்டும். ஆனால் பதிலையும் முழுசாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் இல்லையா?

அந்த ஊசிக்குள் என்ன இருக்கிறது?

நம் அரசு ஆஸ்பத்திரிகளில் எல்லாக் கர்ப்பிணிக்கும் இலவசமாகப் போடுவது டி.டி. ஊசி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. உங்கள் அம்மா காலத்தில் போட்டதும் டி.டி., இப்போது போடுவதும் டி.டி. அன்றைய டி.டி. ரண ஜன்னி என்கிற டெட்டனஸுக்கு மட்டுமான ஊசி. 2019-லிருந்து வந்திருக்கிற டி.டி.யில் ரண ஜன்னியோடு, தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியாவுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால்தான் வித்தியாசம் தெரியும். தமிழில் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். 'அந்தக் காலத்து ஊசியையே இன்னும் போடறாங்க' என்று ஒரு தாத்தா என்னிடம் சலித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

இந்த ஊசியில் கிருமி கிடையாது. உயிருள்ளதும் இல்லை, செத்ததும் இல்லை. கிருமி கக்குகிற விஷத்தை எடுத்து, ஃபார்மலின் போட்டு, விஷத்தன்மையை அடக்கிவிடுகிறார்கள். உருவம் விஷத்தின் உருவம், ஆனால் பல் பிடுங்கிய பாம்பு! விஷச் சரக்கைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சேராங்கொட்டையைச் சுத்தி செய்கிற ஒரு வைத்தியருக்கு இந்த விஷயத்தைப் புரிந்துகொள்வது ஒன்றும் கஷ்டமில்லை. இரண்டும் ஒரே முறை என்று நான் சொல்ல வரவில்லை. மேடையில் அப்படிப் பேசிக் கைத்தட்டல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது.

பல் பிடுங்கிய இந்தப் பாம்பைப் பார்த்ததும் தாயின் உடம்பு 'ஓகோ, எதிரி இப்படித்தான் இருப்பானா?' என்று அடையாளம் வைத்துக்கொண்டு எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கிறது. அது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது, அதுவும் கடைசி மூன்று மாதங்களில் அதிகமாக. பிள்ளை பிறக்கும்போதே கவசத்தோடு பிறக்கிறது. ஊசி தாயின் கையில், காப்பு பிள்ளைக்கு!

'அதுக்கு உங்க மருந்து இல்லையா?' என்று கேட்டால், இல்லை. என் தொழிலை விட்டுக்கொடுத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். இந்த இடத்தில் இயற்கைக்கே வழி இல்லை என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். தட்டம்மை ஒரு தடவை வந்து போனால் மறுபடி வராது; உடம்பு பாடம் படித்துக்கொள்கிறது. ரண ஜன்னியில் அந்தக் கதை நடக்காது. ஒருவருக்கு அது வந்து, தப்பிப் பிழைத்தாலும்கூட உடம்பில் எதிர்ப்பு உண்டாவதில்லை! ஆளைக் கொல்வதற்குத் தேவையான விஷம் அவ்வளவு சொற்பம். உடம்பு கண் விழித்துப் பார்க்கிற அளவுகூட இருக்காது. அதனால்தான் பிழைத்து எழுந்தவருக்கும் ஊசி போட்டு அனுப்புகிறார்கள். நோயே வந்து கொடுக்க முடியாத எதிர்ப்பை நெல்லிக்காய் லேகியம் கொடுத்துவிடுமா? லேகியம் பசியைத் தரும், தெம்பைத் தரும். இந்த ஒரு எதிரியின் அடையாளத்தை அதனால் சொல்லிக்கொடுக்க முடியாது. 'சத்தான சாப்பாடு சாப்பிட்டு எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கிட்டா ஊசியே வேண்டாம்' என்று செல்போன் வீடியோக்களில் பேசுகிற அன்பர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

ஆறாம் நாள் பால் குடிக்காத பிள்ளை

1990-களின் தொடக்கத்தில், நான் மாணவனாக இருந்தபோது பார்த்தது இது. வீட்டில் பிரசவமான ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். பிறந்து ஆறு நாள். முதல் இரண்டு மூன்று நாள் நன்றாக அழுது பால் குடித்திருக்கிறது. பிறகு திடீரென்று மார்பைப் பிடிக்கவில்லை. வாய் திறக்கவில்லை. 'தோஷம் தட்டிருச்சு' என்று நினைத்து மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருந்தார்கள். தொப்புளில் சாணத்தை எரித்த சாம்பல் அப்பியிருந்தது. கொடி அறுத்தது வீட்டில் கிடந்த பழைய பிளேடு.

எங்கள் பேராசிரியர் பிள்ளையைத் தொடவில்லை. வார்டில் யாரோ தம்ளரைக் கீழே போட்ட சத்தத்துக்கு அந்தச் சின்ன உடம்பு வில் மாதிரி வளைந்தது. உதடு இரண்டும் இழுத்துக்கொண்டு, சிரிக்கிற மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தனுர்வாதம். பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்க." தனுசு என்றால் வில். அந்தப் பெயரை வைத்தவர்கள் எத்தனை பேரை இப்படி வளைந்து கிடக்கப் பார்த்தார்களோ! மறுநாள் அந்தப் பிள்ளை இறந்துபோனது. தாய்க்கு ஊசி போட்டிருந்ததா என்று விசாரித்தபோது, பக்கத்தில் இருந்த பாட்டி சொன்னது: "நான் அஞ்சு பெத்தேன். ஒரு ஊசி போட்டதில்லை."

அந்தப் பாட்டியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பொய்யும் சொல்லவில்லை. ஐந்தும் பிழைத்தது அவர் அதிர்ஷ்டம். பிழைக்காத பிள்ளைகளைப் பெற்ற பாட்டிகள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அது ஏதோ ஒரு வீட்டுத் துயரம் என்றும் ஒதுக்க முடியாது. 1988-ல் மட்டும் உலகத்தில் 7 லட்சத்து 87 ஆயிரம் பச்சிளங்குழந்தைகள் ரண ஜன்னியால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. சிகிச்சை கிடைக்காவிட்டால் இந்த நோய் கண்ட பச்சிளம் பிள்ளை பிழைப்பது மிக அபூர்வம். அதற்குப் பிறகு இந்தியாவில் கிராமம் கிராமமாகச் செவிலியர்கள் தூக்குப் பெட்டியோடு நடந்தார்கள். பிரசவம் ஆஸ்பத்திரிக்கு வந்தது. 2015-ல், நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற கணக்குக்கும் கீழே இந்த நோய் போய்விட்டது என்று உறுதி செய்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு, 'அதுதான் ஒழிஞ்சு போச்சே, இப்ப எதுக்கு ஊசி?' என்று கேட்கிறார்கள் படித்தவர்கள். அம்மை ஒழிந்தது வேறு, இது வேறு. அம்மைக்கு மனிதன்தான் வீடு. மனிதனிடமிருந்து விரட்டியதும் அதற்குப் போக்கிடம் இல்லை. ரண ஜன்னிக் கிருமிக்கு வீடு மண்ணும் சாணமும். வருஷக்கணக்கில் மண்ணுக்குள் விதை மாதிரி உறங்கிக்கிடக்கும். நாம் விரட்டியது நோயைத்தான். கிருமி கொல்லைப்புறத்தில்தான் இருக்கிறது. தொண்டை அடைப்பானும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் 2016-ல் கேரளாவின் மலப்புரத்தில் திரும்ப வந்து பிள்ளைகளைக் கொண்டுபோனது. தடுப்பூசி போடாத பிள்ளைகள் நிறைய இருந்த இடம் அது.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. 'இயற்கைப் பிரசவம்' என்ற பெயரில் வீட்டிலேயே பிள்ளை பெற்றுக்கொள்கிற ஆசை, நன்றாகப் படித்த குடும்பங்களிலேயே தலைகாட்டுகிறது. 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு தாய் அப்படி இறந்துபோனது பத்திரிகைகளில் வந்தது. ஊசியும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்றால் மறுபடியும் அந்தப் பழைய பிளேடுக்குத்தானே போகிறோம்? இதில் சித்த வைத்தியத்தின் பெயரை வேறு இழுக்கிறார்கள். எந்தச் சித்தர் சொன்னார் இவர்களுக்கு? வருமுன் காப்பதற்கென்றே நோயணுகா விதி என்று தனியாக ஒன்றை வகுத்த வைத்தியம் இது.

மலடாக்கும் ஊசியா?

'இது குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி' என்ற வதந்தி எத்தனை வருஷமானாலும் சாகாது போலிருக்கிறது. 1990-களில் மெக்சிகோவிலும் பிலிப்பைன்ஸிலும் கிளம்பியது. 2014-ல் கென்யாவில் பாதிரியார்களே இதைச் சொன்னார்கள். இதற்கு ஒரு மூலம் உண்டு. டெல்லியில் உள்ள தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தில் டாக்டர் தல்வார் என்பவர் கருத்தடைக்கு ஒரு தடுப்பூசி செய்ய ஆராய்ச்சி நடத்தினார். கர்ப்பம் தரிக்கும்போது சுரக்கிற ஹார்மோனின் ஒரு துண்டை, டெட்டனஸ் மருந்தோடு இணைத்துப் பார்த்தார். அது தனி ஆராய்ச்சி, தனி மருந்து. 'இரண்டிலும் டெட்டனஸ் இருக்கிறதே' என்று யாரோ முடிச்சுப் போட, புகை கிளம்பிவிட்டது. முதல் பிள்ளைக்கு இரண்டு ஊசி போட்டுக்கொண்ட பெண், இரண்டு மூன்று வருஷத்தில் அடுத்த பிள்ளையோடு அதே நர்ஸம்மாவிடம் கை நீட்டுகிறாள். நம் தெருவிலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள்! இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அடுத்தது பாதரசம். பல டோஸ் அடங்கிய புட்டிகளில் மருந்து கெடாமல் இருக்கத் தையோமெர்சால் சேர்ப்பதுண்டு. அதில் எத்தில் வகைப் பாதரசம் மைக்ரோகிராம் கணக்கில் இருக்கிறது. இந்த வகை உடம்பில் தங்காமல் சீக்கிரம் வெளியேறிவிடும். பெரிய கடல் மீன்களில் சேர்கிற மெத்தில் வகைதான் உடம்பில் தங்கிக் கெடுதல் செய்யக்கூடியது. பல ஆண்டுகள் ஆராய்ந்தும், ஊசியில் இருக்கிற இந்த அளவால் தாய்க்கோ பிள்ளைக்கோ தீங்கு என்று தெரியவரவில்லை. என்னிடம் இந்தக் கேள்வியை மிகுந்த ஆவேசத்தோடு கேட்டவர், தன் மூட்டு வலிக்கு யாரோ ஒருவரிடம் ரச பற்பம் வாங்கி மூன்று மாதமாகத் தேனில் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்! அதை முதலில் நிறுத்துங்கள் என்றேன்.

கெடுதலே இல்லையா? ஊசி போட்ட இடம் வலிக்கும், கொஞ்சம் வீங்கும். சிலருக்கு ஓரிரு நாள் லேசான காய்ச்சல். மிக மிக அபூர்வமாக ஒவ்வாமை வரலாம். அதற்காகத்தான் ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடாதீர்கள். முன்பு இதே ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மற்ற ஊசிகள்

எல்லா ஊசியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கர்ப்பிணிக்குப் போடவே கூடாத ஊசிகளும் உண்டு. தட்டம்மை-ரூபெல்லா, சின்னம்மை ஊசிகளில் வலுவைக் குறைத்த, ஆனால் உயிருள்ள கிருமி இருக்கிறது. அவற்றைக் கர்ப்ப காலத்தில் போடுவதில்லை. கல்யாணத்துக்கு முன்போ, பிள்ளைக்குத் திட்டமிடும் முன்போ போட்டுக்கொண்டு, ஒரு மாதம் பொறுத்துக் கருத்தரிக்க வேண்டும். ரூபெல்லா பெரியவர்களுக்குச் சாதாரணக் காய்ச்சல் போல வந்து போகும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வந்தாலோ பிள்ளையின் கண், காது, இதயத்தைக் கெடுத்துவிடும். ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர் 1941-ல் இதைக் கண்டுபிடித்தார். பிறவிக் கண்புரையோடு வந்த பிள்ளைகளின் தாய்மார்களை விசாரித்து! 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பள்ளிகளில் இந்த ஊசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளையை லீவு போடச் சொன்ன பெற்றோர் உண்டு. அன்று விட்டுப்போன பெண் பிள்ளைகள் இன்று கல்யாண வயதில் இருக்கிறார்கள். ஜாதகத்தோடு இதையும் கொஞ்சம் பாருங்கள்.

கக்குவான் இருமல் ஊசி, ஃப்ளூ ஊசி இரண்டையும் பெரும்பாலும் தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆயிரம், இரண்டாயிரம் என்று ஆகிறது. 'காசு பிடுங்கத்தானே?' என்று சந்தேகம் வருவது இயல்பு. விஷயம் என்னவென்றால், பிள்ளைக்குக் கக்குவானுக்கான முதல் ஊசி ஆறாவது வாரம்தான். அதுவரை அதற்குச் சொந்தக் காப்பு இல்லை. பெரியவர்களுக்கு வெறும் இருமல். பச்சைப் பிள்ளைக்கோ மூச்சே நின்றுவிடும். 2012-ல் பிரிட்டனில் இந்த நோய் கிளம்பி 14 பச்சிளங்குழந்தைகள் இறந்தன. அந்த அக்டோபரிலேயே கர்ப்பிணிகளுக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். நல்ல பலன் தெரிந்தது. 27-லிருந்து 36-வது வாரத்துக்குள் போடுவது நல்லது. வசதி இருக்கிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்பது என் அபிப்பிராயம். இதிலேயே ரண ஜன்னிக்கான பங்கும் இருப்பதால் ஒரு டி.டி. தவணைக்குப் பதிலாக இதைப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கிடைக்காதவர்கள் வருத்தப்பட வேண்டாம். வீட்டில் யாருக்கு இருமல் இருந்தாலும், அது தாத்தாவாகவே இருந்தாலும், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச விடாதீர்கள். ஃப்ளூவைப் பொறுத்தவரை, 2009-ல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது கர்ப்பிணிகள் மற்றவர்களைவிட அதிகமாகப் பாதிக்கப்பட்டார்கள். ஆறு மாதம் நிரம்பாத பிள்ளைக்கு ஃப்ளூ ஊசி கிடையாது, தாய் மூலமாகத்தான் காப்பு. ஆஸ்துமா, சர்க்கரை, இதயக் கோளாறு உள்ள கர்ப்பிணிகள் இதைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

கொரோனா ஊசி பற்றி நிறையப் பேர் என்னோடு சண்டையே போட்டிருக்கிறார்கள். 2021 ஜூலை 2-ம் தேதி மத்திய அரசு கர்ப்பிணிகளுக்கு அனுமதி கொடுத்தது. அந்த ஆண்டு இரண்டாவது அலையில் கர்ப்பிணிகள் மூச்சுத் திணறிப் போனதை டாக்டர்கள் பார்த்த பிறகு வந்த அனுமதி. 'கபசுரக் குடிநீர் குடிக்கிறேனே, போதாதா?' என்றார்கள். ஆடாதோடை, நிலவேம்பு எல்லாம் சேர்ந்த கஷாயத்தை, கேட்காமல் கொள்ளாமல் கர்ப்பிணி குடிக்கலாகாது என்பதைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது. இன்று அந்த நெருக்கடி இல்லை. உங்கள் உடல்நிலையைப் பார்த்து டாக்டர் சொல்வதைக் கேட்டால் போதும்.

நாய்க்கடியை மட்டும் எங்கே வைத்துப் பேசுவது என்று தெரியவில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணியை நாய் கடித்துவிட்டால், 'பிள்ளைக்கு ஆகுமோ ஆகாதோ' என்று ஒரு நாள்கூட யோசிக்கக் கூடாது. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், எல்லாத் தவணையும் போட்டு முடிக்க வேண்டும். கர்ப்பம் அதற்குத் தடை இல்லை. வெறிநோய் கண்டுவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. நாய்க்கடிக்கு நாட்டு மருந்து என்று என்னைத் தேடி வருகிறவர்களை நான் உள்ளே உட்காரவே விடுவதில்லை, ஆட்டோ பிடித்து அனுப்பிவிடுகிறேன்.

ஒரு வார்த்தை டாக்டர்களுக்கு

ஆங்கில வைத்திய நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பல இடங்களில் கர்ப்பிணியிடம் 'கையை நீட்டும்மா' என்கிற இரண்டு வார்த்தைக்கு மேல் யாரும் பேசுவதில்லை. என்ன ஊசி, எதற்கு, போடாவிட்டால் என்ன ஆகும், போட்டால் எங்கே வலிக்கும்? ஒன்றும் சொல்வதில்லை. கூட்டம் அதிகம், நேரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்ட அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் வதந்தி வாங்கிக்கொள்கிறது. அவள் அங்கே கேட்கப் பயந்த கேள்வியைத்தான் இங்கே வந்து என்னிடம் ரகசியமாகக் கேட்கிறாள். கேட்க வாய்ப்பில்லாதவள் செல்போனில் தேடுகிறாள். முடிவு அவளுடையது, உடம்பு அவளுடையது. மாமியாரும் புருஷனும் யோசனை சொல்லலாம். முடிவெடுக்கத் தேவையானதை அவள் கையில் கொடுப்பது வைத்தியர்களின் கடமை. அதில் நானும் சேர்த்திதான்.

என்னைப் போன்ற சித்த வைத்தியர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். கர்ப்பிணிகளுக்கென்று தமிழக அரசு தந்த சித்த மருந்துப் பெட்டகத்தில் மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம், பாவன பஞ்சாங்குலத் தைலம், பிள்ளைக்கு உரை மாத்திரை எல்லாம் இருந்தன. இரும்புச் சத்து மாத்திரை, டி.டி. ஊசி இவற்றோடு சேர்த்துத்தான் அதைக் கொடுத்தார்கள். நம் மருந்துக்கு அந்த இடம் கௌரவமான இடம். அதை விட்டுவிட்டு, ஊசிக்குப் போட்டியாக உரை மாத்திரையை நிறுத்துவது நம் வைத்தியத்துக்கே கெட்ட பெயர்.

எப்போது போடுவது?

கர்ப்பம் உறுதியானதும் முதல் தவணை. நான்கு வாரம் கழித்து இரண்டாவது. மூன்று வருஷத்துக்குள் அடுத்த பிள்ளை, போன தடவை இரண்டும் போட்டாயிற்று என்றால் ஒரு ஊசி போதும். 36 வாரத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. தாமதமாகிவிட்டால் 'இனிமே எதுக்கு' என்று விடாதீர்கள், போடலாம்.

இரண்டாவது தவணைதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. காரணம் பயம்கூட இல்லை, நம் வழக்கம்! வளைகாப்பு முடித்துப் பெண் தாய்வீடு போவாள். புடவை போகும், ஐந்து வகைச் சாதம் போகும், கர்ப்பிணி அட்டை மட்டும் புருஷன் வீட்டுப் பீரோவில் இருக்கும். இங்கே உள்ள நர்ஸ் 'ஊருக்குப் போயிட்டாங்க' என்று எழுதிக்கொள்வார். அங்கே உள்ள நர்ஸ் 'ஏற்கெனவே போட்டிருப்பாங்க' என்று நினைத்துக்கொள்வார். வளைகாப்பு மூட்டை கட்டும்போது அந்த அட்டையையும், பிக்மி எண்ணையும் மறக்காமல் பையில் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தரம் காட்டிவிடுங்கள். அட்டை தொலைந்து, போட்டோமா இல்லையா என்றே நினைவில்லை என்றால் நர்ஸிடம் மறைக்காமல் சொல்லுங்கள். போடாததாகக் கணக்கு வைத்து அவர்கள் புதிதாகத் தவணை தொடங்குவார்கள்.

ஊசி போட்ட இடம் வலித்தால் ஈரத் துணியைப் பிழிந்து ஒற்றி எடுங்கள். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், பற்றுப் போட வேண்டாம். காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் போடலாமா என்று அங்கேயே கேட்டுக்கொண்டு வாருங்கள். அன்றைக்குத் தலைக்குக் குளிக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகக் குளிக்கலாம்.